கறிக்கு உதவும் ஆங்கிலம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. நம் பள்ளிகளிற் கற்பிக்கப்பெறும் ஆங்கிலத்தைப் பற்றிச் சிந்திக்குந்தோறும் இம்முதுமொழி நினைவுக்கு வருகின்றது. மூன்றாம் வகுப்பு முதல் சாதாரண தரப் பரீட்சை வரை ஆண்டுதோறும் ஆங்கிலம் பயின்ற மாணவன் ஒருவனிடம் மருந்துப் புட்டியொன்றைக் கொடுத்து, “இதனை எத்தனை வேளை, உணவுக்கு முன்னரோ பின்னரோ உட்கொள்ளல் வேண்டும்?” என்று வினவிப் பாருங்கள். வினைச்சொல்லின் முக்கால வடிவங்களையும் பிழையின்றி ஒப்பிக்கும் அவன், அச்சிறு தாளின் முன்னே திகைத்து நிற்பதுண்டு.

மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த கரையோரத்திலும் இக்குறை உயிரோடும் பிழைப்போடும் தொடர்புடையது. பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் வங்காலையிலும் கடலை நம்பி வாழ்வோர் பலர். படகின் பின்புறம் பூட்டும் என்ஜினோடு வரும் கையேடு ஆங்கிலத்தில் அமைந்தது. எரிபொருளோடு எண்ணெயை எவ்வளவு கலப்பது என்பதை அதுவே கூறும். அளவு தவறினால் என்ஜின் பழுதாகும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 1974, 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் வகுத்த கடல் எல்லை நீரின்மேற் கோடாகத் தெரிவதில்லை. ஜி.பி.எஸ். கருவி காட்டும் எண்களிலும் ஆங்கில எழுத்துக்களிலுமே அது தெரிகின்றது. கரையிலோ, வளைகுடா நாட்டில் வேலை தேடிச் செல்லும் பெண்ணொருத்தி கையொப்பமிடும் ஒப்பந்தம் அரபு மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றது. சம்பளம் எவ்வளவு, விடுமுறை உண்டா, கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும் என்பனவற்றை அவள் தரகர் வாய்மொழியாகவே அறிகின்றாள்.

படிக்க இயலாத தாளினால் மனிதர் தலைவிதி எழுதப்படுவதை இத்தீவு முன்னரே கண்டிருக்கின்றது. 1914 ஆம் ஆண்டிலே தலைமன்னாருக்கு இருப்புப் பாதையும் தனுஷ்கோடியிலிருந்து கப்பற் சேவையும் தொடங்கின. தமிழகத்துத் தொழிலாளர் இவ்வழியாக மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்றனர். அங்கே, ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல வேண்டுமாயின், இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் “துண்டு” வேண்டியிருந்தது. 1921 ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்தது. ஆயினும் தாளின் ஆட்சி ஒழியவில்லை. 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பிரஜாவுரிமை வேண்டி எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், பல்லாயிரவர் அதே தலைமன்னார்த் துறை வழியாக இராமேசுவரத்துக்குத் திரும்பினர். தம் கையிலிருந்த பத்திரத்தின் பொருளைப் பிறர் சொல்லக் கேட்டே அறிந்தோர் அவருட் பலர்.

இனி, பரிகாரம் யாது? அதனைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலிற் பணியாற்றிய என். எஸ். பிரபு என்னும் அறிஞர், 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு சோதனையை நடத்தினார். “பெங்களூர்த் திட்டம்” என அது புகழ் பெற்றது. சென்னையிலும் கடலூரிலும் வகுப்புகள் நடைபெற்றன. இலக்கணப் பாடத்தை அவர் முன்வைக்கவில்லை. ரயில் கால அட்டவணை, ஊர்ப் படம் போன்றவற்றைக் கொடுத்து, அவற்றைக் கொண்டு ஒரு சிக்கலை விடுவிக்கச் சொன்னார். முதலில் ஆசிரியர் வகுப்பாரோடு சேர்ந்து ஒன்றைச் செய்து காட்டுவார். பின்னர் அதுபோன்ற மற்றொன்றை மாணவர் ஒவ்வொருவரும் தனித்துச் செய்வர். கருத்து பொருளிற் சென்றிருக்க, மொழி தானே வந்து படியும் என்பது அவர் கொள்கை. 1985 இல் வெளியான மதிப்பீடு ஓர் உண்மையைப் புலப்படுத்திற்று: இலக்கண அமைப்புத் தேர்வில் பழைய முறை மாணவரும், பணி வழித் தேர்வில் புதுமுறை மாணவரும் முந்தி நின்றனர். எதை விதைக்கின்றோமோ அதையே அறுக்கின்றோம்!

இம்முறைக்கு மன்னார் மிகவும் ஏற்ற இடம். போரினால் அழிந்த இருப்புப் பாதை 2015 இல் மீண்டும் தலைமன்னார்த் துறை வரை திறக்கப்பட்டது. அதன் கால அட்டவணையே முதற் பாடநூலாகலாம். “நண்பகலுக்குள் கொழும்பு வைத்தியசாலையிற் சேர வேண்டிய நோயாளி, எந்த வண்டியில் ஏறல் வேண்டும்?” என்ற ஒரு வினாவில் எண்ணும் எழுத்தும் சிந்தனையும் ஒருங்கே அமைகின்றன. அடுத்து மருந்துப் புட்டி. ஐந்து நாளைக்கு எத்தனை வில்லை வேண்டும் என்று கணக்கிடட்டும். அதன்பின் என்ஜின் கையேடு, வங்கிப் படிவம், வேலை ஒப்பந்தம். விளக்கம் தமிழில் இருக்கலாம். விடையும் முதலிலே தமிழில் வரலாம். தாளிலுள்ள செய்தி விளங்கிற்றா என்பதே அளவுகோல். மாலை வேளைகளில் தாய்மாரும் மீனவரும் பிள்ளைகளோடு வந்தமர்ந்து கற்கவும் இது வழிவகுக்கும்.

இலக்கியச் சுவையை இது கெடுக்காதோ என்று ஐயுறுவாரும் உளர். படகு ஓட்டக் கற்றவனுக்கு நிலவொளியில் கடலின் அழகு தெரியாமற் போய்விடுமா? வாசிக்கும் துணிவு வந்தபின் கவிதைக்கும் கதைக்கும் கதவு திறந்தே இருக்கும்.

மற்றுமொன்று கூறாதுவிடல் தகாது. சிங்களத்தை மட்டுமே அரசமொழியாக்கிய 1956 ஆம் ஆண்டின் நிலை மாறி, 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆங்கிலம் இணைப்பு மொழி எனப்பட்டது. ஆதலின் அரசாங்கக் கடிதத்தைத் தமிழிற் பெறுவது மன்னார் மகனின் உரிமை. அவனுக்கு ஆங்கிலம் கற்பிப்பதைக் காரணங்காட்டி அவ்வுரிமையைத் தட்டிக்கழிக்க எவருக்கும் இடமில்லை. மருந்தும் இயந்திரமும் வெளிநாட்டு ஒப்பந்தமும் அச்சட்டத்துக்கு அப்பாற்பட்டவை. அங்கேதான் ஆங்கிலம் அவனுக்குத் துணையாதல் வேண்டும்.

ஆங்கிலேயரைப்போலப் பேசும் ஒருவனைக் கண்டு ஊரார் வியப்பது ஒருபுறம் இருக்கட்டும். நீட்டப்பட்ட தாளைப் பார்த்து, “பொறுங்கள், படித்த பின்பே கையொப்பமிடுவேன்” என்று சொல்லும் ஆற்றல் ஒவ்வொரு குடிசைக்கும் வாய்க்கட்டும். ஆசிரியப் பெருமக்கள் நாளைய பாடத்துக்கு ஒரு மருந்துப் புட்டியையேனும் கையோடு எடுத்துச் செல்வார்களாக!