பேச்சுக் கொடுக்கலாமா?

டீக்கடையில் பக்கத்தில் நிற்பவரிடம் "என்னங்க, இன்னிக்கும் இப்படிக் கொளுத்துது" என்றால், "ஆமாங்க" என்பார். ஆள் கொஞ்சம் பேசுகிறவராக இருந்தால், அக்னி நட்சத்திரம் முடிய இன்னும் எத்தனை நாள் என்று தொடங்கி, வற்றிப்போன ஏரி வரைக்கும் போவார். அதே வார்த்தையை இரவு 11 மணிக்கு, லிஃப்டில் தனியாக வரும் பெண்ணிடம் சொன்னால்? அவரும் "ஆமாங்க" என்றுதான் சொல்வார். ஆனால், அவர் கண் மாடி எண்ணைக் காட்டும் சிவப்பு விளக்கை விட்டு அகலாது.

முன்பின் தெரியாதவர்களிடம் பேச்சுக் கொடுப்பதில் நமக்குக் கூச்சம் குறைவு. எங்கே கொடுக்கலாம், எங்கே கூடாது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. அதற்கு ஒரு கேள்வி போதும்: பேச்சு பிடிக்காவிட்டால், எதிரில் இருப்பவர் சங்கடமில்லாமல் நகர்ந்துவிட முடியுமா?

டீக்கடை ஏன் தோதான இடம்?

டீக்கடைப் பேச்சுக்கு ஆயுள், கிளாஸில் டீ இருக்கும்வரைதான். தீர்ந்ததும் "வரேங்க" என்று கிளம்பலாம். யாரும் தப்பாக நினைப்பதில்லை. பேப்பரின் ஒரு தாள் உங்கள் கையில், மறு தாள் அவர் கையில் என்பதால், பேச விஷயமும் தயார். பெயர்கூடத் தெரியாமல் வருடக்கணக்காகப் பேசிக்கொள்கிறவர்கள் அங்கே உண்டு. ஆனால், டீக்கடையில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்களுக்கு அந்த வசதியைப் பள்ளிக்கூட வாசலும் ரேஷன் கடை வரிசையும்தான் தருகின்றன.

உட்காரும் விதத்துக்கும் இதில் பங்கு உண்டு. கனடாவின் வேபர்ன் மனநல மருத்துவமனையில் 1950களில் பணியாற்றிய மருத்துவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட், சில இடங்கள் மனிதர்களைச் சேர்த்துவைக்கின்றன, சில பிரித்துவைக்கின்றன என்று கண்டார். அவருடன் இருந்த உளவியலாளர் ராபர்ட் சோமர், உணவுக்கூட மேஜைகளைக் கவனித்தார். மேஜையின் மூலையை ஒட்டி உட்கார்ந்தவர்கள்தான் அதிகம் பேசினார்கள். அருகருகே இருந்தவர்கள் அதற்கடுத்து. மேஜைக்கு எதிரெதிரே இருந்தவர்கள் மிகக் குறைவு. மூலையில் இருப்பவருக்கு ஒரு சௌகரியம்: வேண்டுமென்றால் முகத்தைப் பார்க்கலாம், வேண்டாமென்றால் நேராகப் பார்த்துக்கொள்ளலாம். சென்னை மெட்ரோவில் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்தவர்கள் செல்போனுக்குள் தலையைக் கவிழ்ப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். கண்ணுக்குப் போக வேறு இடமில்லை.

கோரமண்டல் வேறு, பாண்டியன் வேறு

ரயிலின் ஸ்லீப்பர் பெட்டியில் ஒரு தடுப்பில், பக்கவாட்டுப் படுக்கைகளையும் சேர்த்து 8 பேர். சென்னையிலிருந்து ஹவுரா பக்கத்து ஷாலிமாருக்கு ஒரு நாளுக்கு மேல் ஓடும் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். விஜயவாடா வருவதற்குள் முறுக்கு கைமாறிவிடும். எழும்பூரில் இரவு மதுரைக்குக் கிளம்பும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் அப்படியில்லை. ஏறியவர்களுக்குத் தூக்கம்தான் குறி. இரவு 10 முதல் காலை 6 வரை படுப்பதற்கான நேரம் என்கிறது ரயில்வே விதி. பேச்சும் அதற்குக் கட்டுப்படட்டும்.

ரயிலில் பேசினால் என்ன கிடைக்கும் என்பதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்தார்கள். நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோ ரயில் பயணிகளில் ஒரு பகுதியினரைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசச் சொன்னார்கள். தனியாக இருப்பதே சுகம் என்று பலரும் எதிர்பார்த்திருக்க, பேசியவர்களின் பயணம்தான் இனிமையாக இருந்தது. இன்னொரு சோதனையில், காத்திருப்பு அறையில் யாரிடம் பேச்சுக் கொடுக்கப்பட்டதோ அவர்களும் அதே அளவு மகிழ்ச்சியைச் சொன்னார்கள். ஆனால், அது ஆய்வுக்கூட அறை; பின்தொடர்ந்து வருவாரோ என்ற பயம் அங்கே எதற்கு? எல்லோரும் பேச்சை விரும்புவதுமில்லை: 2016இல் லண்டன் சுரங்க ரயிலில், பேச விருப்பமுள்ளவர்கள் அணிந்துகொள்ளட்டும் என்று ஒருவர் பேட்ஜ் விநியோகித்தார். பேசும் நினைப்பே வேண்டாம் என்ற எதிர் பேட்ஜும் உடனே வந்துவிட்டது.

நகர முடியாதவர்கள்

துணிக்கடையில் புடவையை விரித்துக் காட்டும் பெண், வரவேற்பு மேஜையில் இருப்பவர், பில் போடும் தம்பி: இவர்களுக்குச் சிரிப்பதும் வேலையில் சேர்த்தி. அந்தச் சிரிப்பை அழைப்பாக எடுத்துக்கொள்வது நம் கோளாறு. நான்கு பேரை நெருக்கி ஏற்றிய ஷேர் ஆட்டோவிலும் நகர வழியில்லை. பஸ்ஸில் ஜன்னலோர இருக்கைப் பெண்ணிடம் "தனியாவா போறீங்க? எங்க இறங்கணும்?" என்று கேட்பவர் அக்கறையாகவே கேட்கலாம். கேட்கப்படுபவருக்கு அது அப்படித் தெரிய வாய்ப்பில்லை. பொது இடங்களில் பெண்களைத் தொந்தரவு செய்வதற்கு எதிராகத் தமிழ்நாடு 1998இலேயே தனிச்சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட தொந்தரவின் அனுபவம் அவர் மனதில் இருக்கும்.

எங்கேயும் தவிர்க்க வேண்டிய கேள்வியும் இருக்கிறது. "சொந்த ஊர் எது?" என்பது நல்ல தொடக்கம். "ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு? குலசாமி எது?" என்று நீண்டால், விசாரிக்கப்படுவது ஊர் அல்ல, சாதி என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். டீக்கடையில்கூட அதற்கு இடமில்லை.

நகர முடியாத இடமாக இருந்தும் பேச்சு மருந்தாகும் இடம் ஒன்று உண்டு: அரசு ஆஸ்பத்திரி. அங்கே எல்லோருக்கும் பொதுவான கவலை இருக்கிறது. "டோக்கன் எத்தனை கூப்பிட்டாங்க?", "ஸ்கேன் எடுக்குற எடம் எதுங்க?" என்று தொடங்கிய பேச்சால், இரவில் வராந்தாவில் பாய் விரிக்கும்போது ஒருவர் பையை மற்றவர் பார்த்துக்கொள்வார். "என்ன வியாதி?" என்பதை மட்டும் நாம் கேட்கக் கூடாது. சொல்ல நினைத்தால் அவரே சொல்வார்.

எனவே, கண்ணெதிரே இருக்கும் பொதுவான விஷயத்திலிருந்து தொடங்குங்கள்: தாமதமாகும் பஸ், நகராத வரிசை, வராத டாக்டர். பதில் சொன்னவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டால் தாராளமாகப் பேசலாம். ஒற்றைச் சொல்லோடு நிறுத்தினாலோ, காதில் ஹெட்போனை மாட்டினாலோ, அதுவும் பதில்தான். கோபித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. நம்மோடு பேசும் கடமை அவருக்கு இல்லை.