16 ஆண்டு மௌனம், 8 நிமிடப் படம்

சின்னப் பையன் ஒருவன், வெளியூரிலிருந்து வந்திருக்கும் மாமாவின் பெட்டியைக் குடைகிறான். தனக்கு வாங்கிவந்த பரிசு அதில் இருக்கும் என்று நினைப்பு. கையில் கிடைப்பது ஒரு துப்பாக்கி. பொம்மை என்று எண்ணி இடுப்பில் செருகிக்கொள்கிறான். தோட்டாவும் அகப்படுகிறது, அதையும் உள்ளே போட்டுக்கொள்கிறான். பிறகு வீட்டை விட்டுக் கிளம்பி, எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் குறிபார்த்து "டுமீல்" என்கிறான். பெரியவர்கள் சிரிக்கிறார்கள். அது நிஜத் துப்பாக்கி என்று அவர்களுக்குத் தெரியாது. பார்க்கிற நமக்குத் தெரியும்.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1961-இல் தொலைக்காட்சிக்காக இயக்கிய 'பேங்! யூ ஆர் டெட்' இது. இந்தப் படத்தை 8 நிமிடமாகச் சுருக்கி, கனடாவின் லண்டன் நகரில் இருக்கும் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 34 வயது மனிதர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் படுத்திருந்த அவர், 16 ஆண்டுகளாக யாருடைய பேச்சுக்கும் பதில் தந்ததில்லை. கையை அழுத்தச் சொன்னால் அழுத்தமாட்டார். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டார். உயிர் இருக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் தேட மருத்துவர்களுக்கு ஒரு சினிமா இயக்குநரின் கைத்திறன் ஏன் தேவைப்பட்டது? இதற்குக் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

ஹார்வர்டில் உளவியல் கற்பித்த ஹூகோ மூன்ஸ்டர்பெர்க் ஜெர்மனியில் பிறந்தவர். உளவியலில் முனைவர் பட்டத்தோடு மருத்துவப் பட்டமும் வாங்கியவர். 1916-இல், சினிமா இன்னும் பேசக்கூடத் தொடங்காத காலத்தில், சினிமாவைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். க்ளோசப் காட்சி, நம் மனம் ஒன்றைக் கூர்ந்து கவனிக்கும்போது செய்கிற வேலையைத் திரையில் செய்கிறது, ஃப்ளாஷ்பேக் நினைவின் வேலையைச் செய்கிறது என்பது அவர் வாதம். மனம் இயங்கும் விதத்தையே சினிமா வெளியே எடுத்துக் காட்டுகிறது என்று அவர் நம்பினார். அதே ஆண்டு இறந்துபோனார். அவர் சொன்னதைச் சோதித்துப் பார்க்க அன்று கருவி இல்லை.

கருவி 1990-களில் வந்தது. மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால், சில விநாடிகளில் அங்கே புது ரத்தம் பாய்கிறது. ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினும் காந்தப்புலத்தில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. இந்த வேறுபாட்டை எம்.ஆர்.ஐ. கருவியால் படிக்கலாம் என்று 1990-இல் காட்டியவர் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா. அதன்பின் உலகெங்கும் ஆட்களை ஸ்கேனரில் படுக்கவைத்து, மின்னும் கட்டங்களையும் தனித்தனி முகங்களையும் காட்டி ஆராய்ந்தார்கள். வாழ்க்கையில் நாம் மின்னும் கட்டங்களை எங்கே பார்க்கிறோம்?

இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தில் இருந்த யூரி ஹாசனும் ரஃபேல் மலாக்கும் சகாக்களும் 2004-இல் வேறு வழியில் போனார்கள். ஐந்து பேரை ஒருவர்பின் ஒருவராகப் படுக்கவைத்து, செர்ஜியோ லியோனியின் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்தில் அரை மணி நேரத்தை ஓட்டினார்கள். இதைப் பார், அதை யோசி என்று எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒருவர் மூளையின் ஒவ்வொரு துளிப் பகுதியிலும் ஏறி இறங்கிய அளவை, இன்னொருவர் மூளையின் அதே இடத்து ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டார்கள். மூளைப் புறணியின் பரப்பில் ஏறத்தாழ 30 சதவீதம், ஆளுக்கு ஆள் ஒரே தாளத்தில் இயங்கியிருந்தது. அரங்கில் ஒரே நேரத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வதை நாம் அறிவோம். அந்த ஒற்றுமை மண்டைக்குள்ளும் இருக்கிறது என்பது எண்ணாக வந்து நின்றது.

நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குப் போன ஹாசன், அங்கே சினிமா ஆய்வாளர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வெளியானது சினிமா பற்றிய ஆய்விதழில்! ஹிட்ச்காக்கின் அந்தத் துப்பாக்கிக் கதைக்குப் புறணியில் 65 சதவீதம் ஒத்து இயங்கியது. லியோனியின் படத்துக்கு இம்முறை 45. ஒரு நகைச்சுவைத் தொடருக்கு 18. பூங்காவில் கேமராவை வைத்து வெட்டாமல் எடுத்த காட்சிக்கு 5 சதவீதத்துக்கும் கீழே. கண்முன் படம் ஓடுவதால் மட்டும் மூளைகள் சேர்ந்து நடப்பதில்லை. எதை எப்போது காட்டுவது, எவ்வளவு நேரம் மறைத்துவைப்பது என்று யாரோ ஒருவர் தீர்மானித்திருக்க வேண்டும். எண் குறைந்தால் படம் மட்டம் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஒவ்வொருவரும் தம் போக்கில் யோசிக்கட்டும் என்று எடுக்கப்படும் நல்ல படங்களும் உண்டு. ஆனால் மருத்துவருக்கு வேண்டியது எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டி இழுக்கும் படம்.

இப்போது கனடாவுக்குத் திரும்பலாம். வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களில் ஒருவரான ஏட்ரியன் ஓவன், அங்கே போவதற்கு முன், பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் 2006-இலேயே ஒரு திருப்பத்தை உண்டாக்கியவர். விபத்துக்குப் பின் உணர்வே இல்லை என்று கருதப்பட்ட 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள் என்று சொன்னபோது, நலமாக இருப்பவருக்கு எந்த இடம் ஒளிருமோ அதே இடம் அவர் மூளையிலும் ஒளிர்ந்தது. ஆனால் சொன்னதைக் கேட்டு, நினைவில் வைத்து, நிமிடக்கணக்கில் கற்பனை செய்வது காயம்பட்ட மூளைக்குப் பெரிய சுமை. கதை அப்படி எதையும் கேட்பதில்லை. தானே இழுத்துக்கொண்டு போகும்.

லொரினா நாச்சியும் ஓவனும் சகாக்களும் முதலில் நலமானவர்களுக்கு அந்த 8 நிமிடப் படத்தைக் காட்டி, மூளையின் நெற்றிப் பகுதியும் மேற்பகுதியும் சேர்ந்த வலைப்பின்னல் எந்தெந்தக் கணத்தில் எழுகிறது, எப்போது தணிகிறது என்று குறித்துக்கொண்டார்கள். திட்டமிடுவதும் எதிர்பார்ப்பதும் நடக்கும் இடம் அது. பையன் யாரையாவது குறிவைக்கும்போது 'ஐயோ' என்று நம்மைப் பதறவைப்பது படத்தின் சத்தமோ வெளிச்சமோ அல்ல. துப்பாக்கியில் தோட்டா இருக்கிறது என்ற நினைவுதான். அதே படத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கலைத்துப் போட்டால் இந்த எழுச்சி வருவதில்லை.

சோதிக்கப்பட்ட இரு நோயாளிகளில், இளம்பெண் ஒருவருக்குக் கேட்கும் பகுதி மட்டும் இயங்கியது. அந்த 34 வயது மனிதருக்கோ, பார்க்கும் பகுதியும் கேட்கும் பகுதியும் இயங்கியதோடு, நெற்றி வலைப்பின்னலும் நலமானவர்களின் அதே ஏற்ற இறக்கத்தோடு கதையைப் பின்தொடர்ந்தது. 2014-இல் இந்த முடிவு வெளியானது. கதை புரிந்துதான் அவர் படம் பார்த்தார். அந்த 16 ஆண்டுகளில் அவருடைய தந்தை அவரை விடாமல் திரையரங்குக்கு அழைத்துச் சென்றுவந்திருக்கிறார். யாரும் நிரூபித்துக் காட்டும்வரை அந்தத் தந்தை காத்திருக்கவில்லை.

சினிமா, மருத்துவம் இரண்டோடு, இங்கே மூன்றாவது தொழில் ஒன்றைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. ஸ்கேனர் படம் எதையும் தருவதில்லை, எண்களைத்தான் கொட்டுகிறது. தலை அசைந்ததால் வந்த பிழையைக் களைந்து, ஆளுக்கு ஆள் வேறுபடும் மூளை வடிவங்களை ஒரே பொது வரைபடத்தில் பொருத்தி, எது தற்செயல் எது உண்மை என்று கணக்கிடுவது மென்பொருள். எஸ்.பி.எம்., எஃப்.எஸ்.எல்., ஏ.எஃப்.என்.ஐ. என்ற மூன்றும் ஆய்வாளர்களே எழுதி இலவசமாகக் கொடுத்தவை.

2016-இல் ஸ்வீடனின் ஆண்டர்ஸ் எக்லுண்ட் இரு சகாக்களுடன் இவற்றையே சோதனைக்கு உட்படுத்தினார். எந்த வேலையும் செய்யாமல் சும்மா படுத்திருந்த 499 பேரின் பொதுத் தரவை எடுத்து, மூளை ஒரு வேலைக்கு எதிர்வினை செய்ததா என்று மென்பொருளிடம் கேட்டார்கள். 100-க்கு 5 முறை மட்டுமே தவறாக 'ஆம்' வரவேண்டிய இடத்தில், சில கணக்கு முறைகளில் 70 வரை வந்தது. ஒரு மென்பொருளில் 15 ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாத பிழை ஒன்றும் அகப்பட்டுத் திருத்தப்பட்டது. நிரல் திறந்து கிடந்ததால், தரவும் பொதுவில் இருந்ததால்தான் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது. படுக்கையில் கிடப்பவரைப் பற்றிய கணக்கில் தவறாக ஓர் 'ஆம்' வந்தால் குடும்பத்துக்குப் பொய்யான நம்பிக்கை. தவறாக ஓர் 'இல்லை' வந்தால், விழித்திருக்கும் ஒருவரை ஆளே இல்லை என்று தள்ளிவைத்த பாவம். இப்படிப்பட்ட மென்பொருளைப் பூட்டிவைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த 'இல்லை'யை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு 2024-இல் ஒரு விடை வந்தது. பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. சொன்னதைச் செய்யாத 241 நோயாளிகளைக் கற்பனை செய்யச் சொல்லி ஸ்கேனராலோ மூளையின் மின் அலைப் பதிவாலோ இரண்டாலுமோ சோதித்ததில், 60 பேர் உள்ளுக்குள் அதைச் செய்தார்கள். நாலில் ஒருவர்! அதே ஆய்வில், கண்ணெதிரே சொன்னதைச் செய்துகாட்டிய 112 பேரில் 43 பேர்தான் இந்தச் சோதனையில் தேறினார்கள். அதாவது, கருவி பதில் தரவில்லை என்பதால் ஆள் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

ஸ்கேனர் எல்லா ஊரிலும் கிடைக்காது, கிடைத்தாலும் இந்தச் சோதனை எளிதல்ல. நோயாளிகள் பலருக்குப் பார்வை ஓரிடத்தில் நிலைப்பதுமில்லை. பார்வை நிலைக்காதவர்களை மனத்தில் வைத்து, நாச்சியும் ஓவனும் தங்கள் 2014 ஆய்வுக்குப் பிறகு 'டேக்கன்' படத்தின் ஒலியை மட்டும் கேட்கவைத்து ஆராய்ந்தார்கள். வெறும் ஒலியிலும் கதை தன் வேலையைச் செய்தது.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ இப்படி ஒருவர் படுத்திருந்தால், அவர் காதுபட அவரைப் பற்றிக் கைவிட்ட பேச்சு பேசாதீர்கள். வீட்டில் நடப்பதைச் சொல்லுங்கள். அவருக்குப் பிடித்த படத்தைப் போடுங்கள். கண் மூடியிருந்தால் ஒலியையாவது கேட்கவிடுங்கள்.