அரைநாள் கூலிகள்

குழந்தைப் பருவம் எந்த வயதில் முடிகிறது என்பதை பிரிட்டிஷ் இந்தியாவில் ஆலைகளும் சட்டமும் சேர்ந்து தீர்மானித்தன

ஆலைச் சங்கு ஊதும்போது சரியாக விடிந்திருக்காது. பம்பாயில் பரேல், லால்பாக் பகுதிகளின் ஒற்றை அறைக் குடியிருப்புகளிலிருந்து கிளம்பும் கூட்டத்தில் பெரியவர்களின் இடுப்புயரம்கூட இல்லாதவர்களும் இருந்தார்கள். நூற்புப் பகுதியில் அவர்களுக்கு வேலை. நூல் நிரம்பிய பாபின்களைக் கழற்றிவிட்டுக் காலி பாபின்களை மாட்ட வேண்டும். பிறகு அடுத்த வரிசை. மின்விளக்கு வருவதற்கு முன்பு சூரியன் உதித்ததிலிருந்து மறையும்வரை ஆலை ஓடியது. கோடைக்காலத்தில் அது 13 மணி நேரத்துக்கும் மேல்.

வேலைக்குப் போக முடியாத அளவு சின்னக் குழந்தைகளின் பாடு வேறு. தாய் ஆலையில் இருக்கும் நேரம் முழுக்கத் தூங்கிக்கொண்டிருப்பதற்காக அவர்களுக்கு அபினி உருண்டை கொடுக்கப்பட்டது. பம்பாயில் அதற்குப் பெயர் 'பாலா கோலி.' ஹூக்ளி நதிக்கரைச் சணல் ஆலைகளில் எந்திரங்களுக்குப் பக்கத்திலேயே, சாக்கு விரிப்பில் குழந்தைகள் தூங்கின.

1878ல் பம்பாயைச் சேர்ந்த சோராப்ஜி ஷாபூர்ஜி பெங்காலி வேலை நேரத்தைக் கட்டுப்படுத்த ஒரு மசோதா தயாரித்தார். பம்பாய் அரசு அதற்கு இடம் தரவில்லை. ஆனால் மான்செஸ்டர் முதலாளிகளுக்கும் இந்தியக் குழந்தைகள் மேல் திடீரென்று அக்கறை பிறந்திருந்தது. பம்பாய் நூல் அவர்கள் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்ததுதான் காரணம். இந்த உள்நோக்கம் புரிந்ததால் தேசியப் பத்திரிகைகளில் பெரும்பாலானவை சட்டத்தை எதிர்த்தன. கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தச் சண்டையில் பாபின் மாற்றும் பையனைப் பற்றிப் பேச அதிகம் பேர் இல்லை.

1881ல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஏழிலிருந்து 12 வரை ஒன்பது மணி நேர வேலை. ஒரு மணி நேர இடைவேளை. மாதம் நான்கு நாள் விடுமுறை. நூறு பேருக்குக் குறைவாக வேலை பார்த்த ஆலைகளுக்கு இது பொருந்தாது. தேயிலைத் தோட்டங்களுக்கும் பொருந்தாது. பத்து வருடங்கள் கழித்துக் குறைந்தபட்ச வயது ஒன்பதாகவும், ஒன்பதிலிருந்து 14 வயதுவரையானவர்களின் வேலை நேரம் ஏழு மணியாகவும் ஆனது.

ஆனால் யாருக்கு ஒன்பது வயது? பிறப்புச் சான்றிதழ் என்ற பேச்சே இல்லாத குடும்பங்கள். மருத்துவர் பல்லையும் உயரத்தையும் பார்த்து ஒரு வயதை எழுதித் தருவார். அந்தச் சீட்டுதான் குழந்தையின் ஜாதகம். 1907-08ல் விசாரணை நடத்திய கமிஷன், கல்கத்தா சணல் ஆலைகளில் சட்டம் அனுமதித்த வயதை எட்டாத சிறுவர்கள் ஏராளமாக இருப்பதைக் கண்டது. வட இந்தியப் பஞ்சாலைகள் சிலவற்றில் 14 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர்களைப்போல முழு நேரமும் உழைத்தார்கள்.

1911ல் ஜவுளி ஆலைகளில் சிறுவர்களுக்கு ஆறு மணி நேரம் என்று சட்டம் வந்தது. அதே வருடம்தான் கோகலே தன் கட்டாயத் தொடக்கக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். 1912ல் அது 38க்கு 13 என்ற வாக்கு கணக்கில் தோற்றது. ஆலை நேரம் குறைந்தது; மீதி நேரத்துக்குப் பள்ளிக்கூடம் வரவில்லை. வந்தது இன்னொரு ஆலைதான். காலையில் ஒரு ஆலை, பிற்பகலில் வேறொரு ஆலை, இரண்டுக்கும் தனித்தனிச் சீட்டு. இது அவ்வளவு சகஜமானதால், குழந்தையை ஒரே நாளில் இரண்டு ஆலைக்கு அனுப்பும் பெற்றோரைத் தண்டிக்க 1926ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. இரண்டு கூலி இல்லாமல் அடுப்பு எரியாத வீட்டுக்கு அபராதம்!

1922ல் வயது வரம்பு 12 ஆன பிறகு பெரிய ஆலைகளுக்குச் சிறுவர்கள் மேல் ஆர்வம் குறைந்தது. ஆனால் இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்க்காத பட்டறைகள் எத்தனையோ இருந்தன. 1931ல் அறிக்கை தந்த விட்லி கமிஷன், பீடிப் பட்டறைகளில் ஐந்து வயதுக் குழந்தைகள்கூட 10, 12 மணி நேரம் உழைப்பதைப் பதிவு செய்தது. தினக் கூலி இரண்டணா. அமிர்தசரஸ் கம்பளப் பட்டறைகளில் நெசவு மேஸ்திரியிடம் தகப்பன் வாங்கிய கடனுக்கு மகன் அடமானம். இந்த அடமானத்தைத் தடை செய்ய 1933ல் தனிச் சட்டமே போட்டார்கள்.

1938ல் இன்னொன்று. பீடி, கம்பளம், தீப்பெட்டி, தோல் பதனிடுதல் போன்ற பட்டறைகளில் 12 வயதுக்குட்பட்டவர்கள் வேலை பார்க்கத் தடை. சொந்தக் குடும்பத்தாரை மட்டும் வைத்து நடத்தும் பட்டறைகளுக்கு விலக்கு.