பசித்திருத்தலும் பசி தீர்த்தலும்

கருநாடக மாநிலத்தின் கிழக்கெல்லையில், ஆந்திரத்திற்கும் தமிழகத்திற்கும் அண்மையில் அமைந்துள்ளது கோலார் தங்கவயல். 1880ஆம் ஆண்டளவில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குப் பெருமளவில் சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. அதன்பின் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பல பிழைப்புத் தேடி வந்து குடியேறின. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை போயினும் மக்கள் ஊரை விட்டுப் போய்விடவில்லை. இராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம் ஆகிய பகுதிகளில் இன்றும் தமிழ் ஒலிக்கிறது. கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் அருகருகே நிற்கின்றன.

இத்தகைய ஊரில் ரமலான் மாதம் வந்தால், இசுலாமியர் அல்லாத பிள்ளைகளும் அதனை அறிவர். விடியலுக்கு முன்னர் உண்ணும் உணவு சஹர் எனப்படும். கதிரவன் மறைந்ததும் நோன்பு திறத்தல் இஃப்தார் எனப்படும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நேரத்தில் நோன்பாளி ஒரு வாய்த் தண்ணீரும் பருகுவதில்லை. இசுலாமிய ஆண்டு நிலவின் சுழற்சியைக் கொண்டு கணிக்கப்படுவதால், கதிரவன் ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆகவே ரமலான் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. மார்கழிக் குளிரிலும் நோன்பு வரும். சித்திரை வெயிலிலும் வரும்.

எல்லோராலும் நோற்க இயலுமா?

இயலாது. எண்பது வயது மூதாட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். வேளாவேளைக்கு மருந்து உட்கொள்ளாவிடில் அவர் உயிருக்கே தீங்கு நேரும். இளமையில் ஐம்பது ஆண்டுகள் விடாது நோன்பு நோற்றவர் அவர். வீட்டிலுள்ள அனைவரும் நோன்பிருக்க, தாம் மட்டும் உண்ண நேர்வது அவருக்கு வருத்தம் தரும். உணவைவிட அவ்வருத்தமே அவருக்குப் பெரும் சுமை.

சுரங்கத்தில் உழைத்தவர்களின் நிலையும் எண்ணத்தக்கது. தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும். பாறையைத் துளைக்கும்போது எழும் நுண்ணிய தூளை நெடுங்காலம் மூச்சில் இழுத்தால் நுரையீரல் இறுகும். 'சிலிக்கோசிஸ்' எனப்படும் அந்நோய் முற்றிலும் குணமாவதில்லை. இத்தகைய நோயாளி அடுத்த ஆண்டு நோற்கலாம் என்று காத்திருக்கவும் இயலாது.

இசுலாம் கூறும் வழி

ரமலான் நோன்பு ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டில், அதாவது கி.பி. 624ஆம் ஆண்டளவில் கடமையாக்கப்பட்டது. கடமையைக் கூறும் அதே இடத்திலேயே விலக்கும் கூறப்பட்டுள்ளது. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 183 முதல் 185 வரையுள்ள வசனங்கள் இதனை விளக்குகின்றன. நோயாளியும் பயணியும் விட்ட நோன்பைப் பின்னர் வேறு நாள்களில் நோற்கலாம். நோற்பதே பெருந்துன்பமாக உள்ளவர், ஏழை ஒருவருக்கு உணவளிக்கலாம். மனிதருக்கு எளிமையையே இறைவன் விரும்புகிறான், கடினத்தை அன்று என்பது அப்பகுதியின் கருத்து.

இவ்விரு வழிகளுக்கும் தனித்தனிப் பெயருண்டு. விட்ட நோன்பை மீட்டு நோற்பது 'களா' எனப்படும். நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவளிப்பது 'ஃபித்யா' எனப்படும். காய்ச்சலால் பத்து நாள் நோன்பை விட்டவர், குணமடைந்தபின் பத்து நாள் நோற்பார், அது களா. முதுமையாலோ தீராத நோயாலோ இனி நோற்கவே இயலாதவர், விட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவளிப்பார், அது ஃபித்யா. கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் தமக்கோ குழந்தைக்கோ தீங்கு நேரும் என்று அஞ்சினால் நோன்பை விடலாம். அவர்கள் பின்னர் மீட்டு நோற்க வேண்டும் என்பதே பெரும்பான்மை அறிஞர் கூற்று. சில நிலைகளில் உணவளித்தலையும் சேர்த்துக் கூறும் சட்ட மரபும் உண்டு.

நபிகள் நாயகத்தின் தோழருள் ஒருவரான அனஸ் இப்னு மாலிக் நெடுங்காலம் வாழ்ந்தவர். தள்ளாத முதுமையில் நோன்பு நோற்க இயலாதபோது, அவர் ஏழைகளுக்கு ரொட்டியும் இறைச்சியும் அளித்தார் எனப் பழைய நூல்கள் கூறுகின்றன.

எவ்வளவு அளிப்பது?

பழங்காலத்தில் கையே அளவையாக இருந்தது. இரு கைகளையும் சேர்த்து அள்ளும் தானியத்தின் அளவு ஒரு 'முத்து' எனப்படும். நான்கு முத்து ஒரு 'ஸாஉ' ஆகும். தமிழகக் கடற்கரை ஊர்களில் மிகுதியாகப் பின்பற்றப்படும் ஷாஃபி மரபின்படி, ஒரு நாள் நோன்புக்கு ஒரு முத்து தானியம் அளிக்க வேண்டும். இக்காலக் கணக்கில் அது ஏறத்தாழ 600 முதல் 750 கிராம் வரை ஆகும். ஹனஃபி மரபின்படி ஒரு நாளுக்கு அரை ஸாஉ கோதுமை அல்லது அதன் விலை அளிக்கப்படும். அது ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்டது. விலைவாசி மாறுவதால், ஆண்டுதோறும் எவ்வளவு என்பதைத் தத்தம் பள்ளிவாசலில் கேட்டறிவது வழக்கம்.

முப்பது நாளும் ஓர் ஏழைக்கே அளிக்கலாம். முப்பது ஏழைகளுக்கு ஒரே நாளில் விருந்தும் அளிக்கலாம். ஆனால் தம்மைப் பெற்றவர்க்கோ, தாம் பெற்ற பிள்ளைகளுக்கோ அளித்துக் கணக்குத் தீர்த்தல் ஆகாது. அவர்களைக் காப்பது முன்பே உள்ள கடமையாகும்.

செல்வர் விலை கொடுத்து விலகலாமா?

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. பொருள் படைத்தவர் உணவுக்குரிய பணத்தைக் கொடுத்துவிட்டு நோன்பிலிருந்து விலகிக்கொள்ளலாமா? கூடாது. ஃபித்யா இயலாதவர்க்கு உரியதே அன்றி, விரும்பாதவர்க்கு உரியதன்று. உடல் வலிமை உள்ளவர் ஆயிரம் பேருக்கு உணவளித்தாலும், அந்த அறத்தின் பயன் வேறு; நோன்பின் கடமை வேறு. காரணமின்றி நோன்பை வேண்டுமென்றே முறிப்பவருக்குரிய பரிகாரம் 'கஃப்பாரா' எனப்படும். அது ஃபித்யாவினும் மிகக் கடுமையானது.

மறுபுறம், நோற்கவும் இயலாமல் உணவளிக்கவும் வசதியில்லாத முதியவரின் நிலை என்ன? அவர் கடன் வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை. இறைவனிடம் மன்னிப்பு வேண்டினால் போதும் என்பர் அறிஞர். அவருக்காக வேறொருவர் விரும்பி அளிப்பதும் உண்டு. வெளியூரில் பணியாற்றும் மகன், தன் தாயின் சார்பில் ஃபித்யா அளிப்பது இவ்வகையைச் சேர்ந்தது.

யார் நோற்கலாம், யார் தவிர்க்க வேண்டும் என்பதில் மருத்துவர் சொல்லும் முதன்மையானது. நீரிழிவு நோயாளிகளுக்கு நோன்புக் காலத்தில் நேரக்கூடிய தீங்கினை அளவிட்டறிய, பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. மருத்துவர் தடுத்தும் பிடிவாதமாக நோற்று உடலைக் கெடுத்துக்கொள்வது சமயம் வேண்டுவதன்று.

கஞ்சியும் ஃபித்யாவும்

தமிழ் இசுலாமியரின் நோன்புக் கஞ்சி புகழ்பெற்றது. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் இட்டுக் காய்ச்சப்படும் அது, அக்கம்பக்கத்தார்க்கும் சமய வேறுபாடின்றி வழங்கப்படும். கஞ்சிக்கு அரிசி கொடுப்பது 'ஸதகா' என்னும் பொதுவான அறம். அதனைச் செல்வரும் அருந்துவர், வறியவரும் அருந்துவர். ஃபித்யாவோ வறியவரையே சென்று சேர வேண்டும். பெருநாள் தொழுகைக்கு முன் வசதியுள்ளோர் அனைவரும் ஏழைகளுக்கு அளிக்கும் 'ஃபித்ரா' வேறொரு கடமை. பெயர்கள் ஒலியால் நெருங்கியவை. ஆதலின் மயங்குதல் கூடாது.

நோன்பாளி தன் பசியால் பிறர் பசியை உணர்கிறார். நோற்க இயலாதவர் தம் பொருளால் பிறர் பசியைத் தீர்க்கிறார். மருந்துக்காக உண்ணும் அம்மூதாட்டியும் ரமலானுக்கு வெளியே நிற்பவர் அல்லர். அவர் அளந்து கொடுத்த அரிசி, அந்தி வேளையில் ஏதோ ஒரு வீட்டின் அடுப்பில் கொதிக்கிறது.

பயிற்சி

1. களா, ஃபித்யா ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் எழுதுக.
2. ஒரு நாளுக்கு 700 கிராம் அரிசி எனக் கொண்டால், 30 நாள் நோன்புக்கு எத்தனை கிலோ அரிசி அளிக்க வேண்டும்?
3. 'இயலாதவர்க்கு உரியதே அன்றி, விரும்பாதவர்க்கு உரியதன்று' என்னும் தொடரை உன் சொற்களில் விளக்குக.
4. நோன்பு, விரதம், உபவாசம் ஆகியவற்றை உன் வீட்டிலோ அண்டை வீட்டிலோ எவ்வாறு மேற்கொள்கின்றனர்? முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அங்கே என்ன விலக்கு உண்டு? கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.