நடுக்கோட்டில் முளைக்கும் கட்டிகள்

விந்தணுவுக்கும் கருமுட்டைக்கும் மூலமான செல்களை ஜெர்ம் செல்கள் என்கிறார்கள் மருத்துவர்கள். இவற்றிலிருந்து உருவாகும் கட்டிகள் பெரும்பாலும் விரையிலோ சினைப்பையிலோதான் வரும். பெரியவர்களிடம் நூற்றில் 2 முதல் 5 கட்டிகள் மட்டும் வேறு இடங்களில் தோன்றுகின்றன. அந்த இடங்கள் எல்லாமே உடலின் நடுக்கோட்டை ஒட்டி அமைந்திருப்பதுதான் விந்தை.

ஜெர்ம் செல்கள் விரையிலோ சினைப்பையிலோ பிறப்பதில்லை. கரு வளரும் தொடக்க வாரங்களில் மஞ்சள்கருப் பையின் சுவரில் தோன்றி, குடலாகப் போகும் பகுதியின் வழியே நகர்ந்துதான் அங்கே போய்ச் சேர்கின்றன. நடுவழியில் நின்றுவிடும் செல்கள் பொதுவாக மடிந்துபோகும். மடியாமல் தப்பியவை பின்னாளில் கட்டியாகின்றன என்பதே பலரும் ஏற்கும் விளக்கம்.

பெரியவர்களுக்கு அதிகம் வருவது மார்பெலும்புக்குப் பின்னால், இரு நுரையீரல்களுக்கு நடுவில். மூச்சுத்திணறல், இருமல், நெஞ்சுவலி இதன் அறிகுறிகள். ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாகப் பெற்ற கிளைன்ஃபெல்டர் குறைபாடுள்ள ஆண்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அடுத்த இடம் குடலுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிய பகுதி. அங்கே கட்டி இருந்தால் விரையையும் ஸ்கேன் செய்தாக வேண்டும். விரையில் தொடங்கிய புற்று விரையிலேயே தானாகக் கரைந்து, வயிற்றில் மட்டும் வளர்ந்திருக்கலாம்.

சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் மூளையின் பினியல் சுரப்பியிலும் பிட்யூட்டரிக்கு மேலேயும் வருவதுண்டு. கண்களை மேல்நோக்கி உயர்த்த முடியாமை, அடங்காத தாகத்தோடு அளவுக்கு மீறிச் சிறுநீர் போவது ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். ஜப்பான் உள்ளிட்ட கிழக்காசிய நாடுகளில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. பச்சிளம் குழந்தைகளுக்கு வால் எலும்பில் வருகிறது. பெண் குழந்தைகளே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். அந்த எலும்பையும் சேர்த்து அகற்றினால்தான் கட்டி மீண்டும் வரும் வாய்ப்பு குறையும்.

ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகள் நோயைக் கண்டறிய உதவும். அவை இயல்பாக இருந்தாலும் நோய் இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது. திசுப் பரிசோதனை தேவைப்படலாம். 1970களில் அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டினைச் சேர்த்து வகுத்த கூட்டு மருந்துச் சிகிச்சை இந்நோயின் போக்கையே மாற்றியது. இக்கட்டிகளில் செமினோமா என்ற வகை வந்தவர்களில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். மார்பில் வரும் மற்ற வகைகள் இன்னும் சவாலானவையே.

இளம் வயதினருக்கு நடுமார்பிலோ முதுகெலும்பை ஒட்டியோ கட்டி தெரிந்தால், நுரையீரல் புற்றுநோய் அல்லது நிணநீர்ப் புற்றுநோய் என்று முடிவுசெய்யும் முன் இந்த இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் செய்தாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.