இடிப்பதா, திருத்துவதா?

"இதை இடிச்சுப்போட்டுப் புதுசாக் கட்டட்டோ, இல்லாட்டித் திருத்தட்டோ பிள்ளை?"

வலிகாமத்தில் ஓர் அம்மா என்னிடம் இப்படிக் கேட்டார். நீண்ட இடப்பெயர்வின் பின் அவர் திரும்பி வந்தபோது, தாய் சீதனமாகக் கொடுத்த நாற்சார் வீட்டின் ஒரு பக்கக் கூரை இல்லை. முற்றத்தில் ஆலங்கன்று முளைத்திருந்தது. வெளிநாட்டிலுள்ள மகன் மாடி வீடு கட்டச் சொல்கிறார். கதவு, நிலை, ஓடுகளைத் தந்தால் காசில்லாமல் இடித்துத் தருவதாக ஒருவர் கேட்டு வந்திருக்கிறார்.

சகோதரிகளே, இக்கேள்வி எம்மில் பலருக்கும் உரியது.

நடுவே திறந்த முற்றம், சுற்றிவரத் தாழ்வாரமும் அறைகளும், சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய தடித்த சுவர், பனைமரக் கூரை. எமது வெயிலை அறிந்தவர்கள் கட்டிய வீடு இது. 2016 இல் வடக்கு கிழக்கில் 65,000 இரும்பு வீடுகள் அமைக்கும் திட்டத்துக்கு எதிர்ப்பு எழுந்ததற்கு இந்த வெயிலும் ஒரு காரணம்.

யாழ்ப்பாணக் கோட்டையைத் தொல்லியல் திணைக்களம் பார்த்துக்கொள்ளும். ஆனால் 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் முதன்மையாக 1815 மார்ச் 2 க்கு முற்பட்டவற்றையே கருத்திற் கொள்கிறது. அதன் பின் எழுந்த எமது வீடுகள் பெரும்பாலும் எமது பொறுப்பிலேயே உள்ளன.

காலிக் கோட்டை 1988 இல் உலக மரபுரிமைத் தலமானது. கட்டடங்கள் காக்கப்பட்டன. ஆனால் காணி விலை ஏற, பல வீடுகள் விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறின. பழைய குடும்பங்கள் பல விற்றுவிட்டு வெளியேறின. குடியிருப்பவர் இல்லாத மரபுரிமை வெறும் காட்சிப்பொருளே.

அதற்காக, ஒழுகும் கூரையின் கீழ் பிள்ளைகளோடு இருக்கும் பெண்ணிடம் "பழமையைக் காப்பாற்று" என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பாதுகாப்பான கூரையே முதல் தேவை. திருத்த வசதியற்றோருக்கு உதவுவது அரசின் கடமை.

இடிக்க முன் சிலவற்றைச் செய்யலாம். திருத்தவும் புதிதாகக் கட்டவும் என்ன செலவாகும் என்று அனுபவமுள்ள மேசனிடம் வெவ்வேறாகக் கணக்குக் கேளுங்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள். ஈரம் உள்ளே தங்கிச் சுவர் பழுதாகும். சமையலறை, மலசலகூடத்தைப் பின்புறம் புதிதாகக் கட்டலாம்.

விற்பதாயின் உறுதியை முதலில் பாருங்கள். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் கேட்கப்படும். கணவர் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால், எதிலும் கையொப்பமிட முன் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

அந்த அம்மா முன்பகுதியைத் திருத்திப் பின்னால் இரு அறைகள் கட்டத் தீர்மானித்தார். மகனுக்கும் சம்மதம். ஆலங்கன்றை வேரோடு பிடுங்கியாயிற்று. இப்போது முற்றத்தில் மோர்மிளகாய் காய்கிறது.