காருக்கு ஒரு சிவப்புச் சிலிண்டர்

புதுக் கார் வாங்கியாச்சு. கோயில் வாசலில் நிறுத்தி மாலை போட்டு, நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாச்சு. சீட்டுக்கு உறை, டாஷ்போர்டுக்குப் பிள்ளையார், குழந்தைக்குக் குட்டித் தலையணை, கமகமவென்று ஒரு வாசனைப் புட்டி... எல்லாம் வந்தாயிற்று. "தீயணைக்கிற சிலிண்டர் வாங்கினீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் பஸ்ஸுக்குத்தானே!" என்பார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், மூன்று வருஷம் முன்பு ஒரு கத்திரி வெயில் நாள் வரை.

குலதெய்வம் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். கார் ஓட்டியது என் நாத்தனார். பின் சீட்டில் நானும் அவளுடைய இரண்டு வாண்டுகளும். "அண்ணி, ரப்பர் தீயற மாதிரி வாசனை வரலை?" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, பானெட் ஓரத்திலிருந்து புகை! ஓரங்கட்டி நிறுத்தினாள். நான் பின் கதவைத் தள்ளுகிறேன், தள்ளுகிறேன், திறக்கவே இல்லை. பிள்ளைகள் ஓடும் காரில் கதவைத் திறந்துவிடக் கூடாதே என்று போட்டு வைத்த சைல்டு லாக்! அவள் இறங்கி ஓடி வந்து வெளியிலிருந்து திறந்த அந்த நாலைந்து வினாடி எனக்கு ஒரு யுகம்.

அவள் காரில் சிலிண்டர் இருந்தது. எங்கே? டிக்கியில். தண்ணீர் கேன், ஜமுக்காளம், பிரசாதக் கூடை எல்லாவற்றுக்கும் அடியில். வாரி இறைத்துவிட்டு எடுத்து அழுத்தினாள். 'புஸ்' என்று ஒரு கைப்பிடி பவுடர் வந்தது, அவ்வளவுதான். நாலு வருஷம் முன்பு வாங்கியது, அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அவள் பதறிப்போய் பானெட்டைத் தூக்கக் கை வைத்தபோது, பின்னால் வந்து நின்ற பஸ்ஸின் கண்டக்டர், "திறக்காதீங்கம்மா!" என்று கத்திக்கொண்டே பஸ் சிலிண்டரோடு ஓடி வந்தார். இடுக்கு வழியாகக் குழாயை நுழைத்து அடித்தார். அடங்கிவிட்டது. எலி கடித்த ஒயர்தான் காரணம் என்று பிறகு மெக்கானிக் சொன்னார்.

அதற்கு மறுவாரமே என் வீட்டுக்காரரோடு கடைக்குப் போனேன். "எந்த டைப் வேணும்மா?" என்று கடைக்காரர் கேட்டதும் முழித்தேன். நீங்களும் முழிக்காமலிருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

தீயை அது பிடிக்கும் பொருளை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். துணி, காகிதம், மரம், சீட்டுப் பஞ்சு இவற்றில் பிடிப்பது 'ஏ'. பெட்ரோல், டீசல், எஞ்சின் ஆயிலில் பிடிப்பது 'பி'. காஸில் பிடிப்பது 'சி'. ஒரு காரில் இந்த மூன்றுக்கும் இடமுண்டு, கூடவே மின்சார ஒயர்களும். ஆகவே 'ஏ.பி.சி. பவுடர்' என்று கேட்டு வாங்குங்கள். இதிலிருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட் என்னும் உப்புப் பொடி. ஜுவாலையை அடக்குவதோடு, சூட்டில் உருகி, எரியும் பஞ்சின் மேல் பூச்சு மாதிரி படிந்து, மறுபடி கனல விடாமல் செய்யும். லேபிளில் 'மேப் 50', 'மேப் 90' என்று போட்டிருப்பது இந்த உப்பு நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைத்தான். விலை கொஞ்சம் கூடினாலும் 90 நல்லது.

'பி.சி. பவுடர்' என்று இன்னொன்று உண்டு. அதில் பெரும்பாலும் இருப்பது என்ன தெரியுமா? நம் ஆப்ப சோடாவேதான்! பெட்ரோல் தீயை நன்றாக அமுக்கும். ஆனால் சீட்டுப் பஞ்சுக்குள் கனன்றுகொண்டிருப்பதை அதனால் அணைக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் மறுபடி பற்றிக்கொள்ளும்.

"தண்ணீர் பாட்டில்தான் இருக்கே?" என்று கேட்பவர்கள், கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பிவிடும். கரியமில வாயு சிலிண்டர் கம்ப்யூட்டர் அறைக்குச் சரி. காருக்குக் கனம் அதிகம். திறந்தவெளிக் காற்றில் வாயு கலைந்தும் போய்விடும். 'க்ளீன் ஏஜென்ட்' என்ற வகை பவுடர் மாதிரி அப்பிக்கொள்ளாது, எஞ்சினைக் கெடுக்காது. ஆனால் விலை பல மடங்கு. (ஒரு காலத்தில் வெளிநாட்டுக் கார்களில் 'ஹாலோன்' என்று ஒன்று பிரபலமாக இருந்தது. ஓஸோன் படலத்தை அரிக்கிறது என்று 1987-இல் மாண்ட்ரியலில் உடன்பாடு செய்து, படிப்படியாக அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய சரக்கு என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.) ஷேவிங் கிரீம் டப்பா மாதிரி குட்டி ஸ்பிரேக்களும் கிடைக்கின்றன. உபரியாக ஒன்று வைத்துக்கொள்ளலாம். அதையே நம்பி இருக்க வேண்டாம்.

அடுத்து, அளவு. இங்கேதான் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் விவாதம். "பெரிசா நாலு கிலோவே வாங்கிடலாம்" என்றார் அவர். கையில் தூக்கிப் பார்த்தேன். நாலு கிலோ என்பது உள்ளே இருக்கும் பவுடரின் எடை. இரும்புக் கூட்டையும் சேர்த்தால் ஒரு கையால் தூக்கி, இன்னொரு கையால் குறி பார்க்க என்னால் முடியவில்லை. சீட்டுக்குக் கீழேயும் நுழையாது. ஒரு கிலோ வாங்கினோம். வேன் மாதிரி பெரிய வண்டி என்றால் இரண்டு கிலோ. அரைக் கிலோவும் விற்கிறார்கள், நான் வேண்டாமென்பேன். ஒரு கிலோவே எட்டு, பத்து வினாடியில் தீர்ந்துவிடும்! தோசையைத் திருப்பிப் போடும் நேரம்தான். அதற்கும் குறைத்துக்கொள்வானேன்? கடையில் நீங்களே தூக்கிப் பாருங்கள், பிடியில் உங்கள் விரல் எட்டுகிறதா என்று பாருங்கள். அவசரத்தில் காரில் இருக்கப்போவது நீங்களும் குழந்தையும் மட்டுமாகவும் இருக்கலாம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கட்டும். அதோடு ஐ.எஸ். 15683 என்ற எண்ணையும், 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணையும் பாருங்கள். இந்த லைசென்ஸ் எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செல்போன் செயலியில் போட்டால் முத்திரை நிஜமா, போலியா என்று தெரிந்துவிடும். தயாரித்த மாதம், வருஷம், எத்தனை டிகிரி வெப்பம் வரை தாங்கும் என்பதும் அச்சாகியிருக்க வேண்டும். அழுத்தம் காட்டும் முள் இல்லாத சிலிண்டரைத் தொடவே தொடாதீர்கள். முள் பச்சைக் கோட்டுக்குள் நிற்க வேண்டும். "வேலை செய்யுதான்னு ஒரு தடவை அழுத்திக் காட்டுங்க" என்று கேட்கவும் கூடாது. ஒரு வினாடி அழுத்தினாலும் பவுடர் வால்வில் சிக்கி, அழுத்தம் மெல்ல மெல்லக் கசிந்துவிடும். பிறகு மறுபடி நிரப்பித்தான் ஆக வேண்டும்.

வாங்கியதை எங்கே வைப்பது? டிக்கி கூடவே கூடாது, எங்கள் கதைதான் தெரியுமே. டாஷ்போர்டு மேல், பின் கண்ணாடி ஓரம் இங்கெல்லாம் வெயில் நேராக அடிக்கும். வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு 70 டிகிரி செல்ஷியஸைத் தொட்டுவிடும். சீட்டுக்குக் கீழே நிழல்தான் நல்லது. முன் சீட்டுக்கு அடியில், ஓட்டுகிறவர் குனிந்தால் கைக்கு எட்டும்படி, இரும்புப் பட்டையும் கிளிப்பும் வைத்து இறுக்கமாகப் பொருத்துங்கள். சும்மா உருட்டிவிட்டால் திடீர் பிரேக்கில் உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். தீயைவிட ஆபத்து அது! பட்டையை நீங்களாகவே துளை போட்டு மாட்ட வேண்டாம். அடியில் பெட்ரோல் குழாயும் ஒயரும் ஓடும். மின்சாரக் காரில் பாட்டரியே அங்கேதான் இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். வளையம் கோத்த பாதுகாப்பு ஊசியும் அதன் சீலும் வாண்டுகள் கைக்கு எட்டாதபடி உள்பக்கம் திரும்பியிருக்கட்டும்.

இனி, நிஜமாகவே புகை வந்தால்? ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போடுங்கள். சிலிண்டரைத் தொடுமுன் குழந்தைகள். சைல்டு லாக் போட்டிருந்தால் வெளியிலிருந்துதான் திறக்க முடியும் என்பது நினைவிருக்கட்டும். பெல்ட்டைக் கழற்றி, ரோட்டுப் பக்கம் இல்லாமல் மறுபக்கமாக இறக்கி, நூறடி தள்ளி ஒருவரோடு நிற்க வையுங்கள். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லையென்றால் தீயணைப்பதை மறந்துவிட்டு நீங்களும் அங்கேயே நில்லுங்கள். கார் போனால் போகட்டும், இன்ஷூரன்ஸ்காரர் பார்த்துக்கொள்வார்! 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள்.

ஆள் துணை இருந்து, தீயும் சின்னதாக இருந்தால் மட்டும் சிலிண்டர். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி, ஆறேழு அடி தள்ளி நின்றுகொண்டு, ஊசியை உருவி, ஜுவாலையின் உச்சிக்கு இல்லாமல் அடிக்கு நேராகப் பிடித்து அழுத்தி, கோலமாவு தூவுகிற மாதிரி இடவலமாக வீச வேண்டும். பானெட்டுக்குள் தீ என்றால் முழுக்கத் திறக்காதீர்கள். திறந்ததும் காற்று புகுந்து குபீரென்று முகத்துக்கு வரும். உள்ளிருக்கும் நெம்புகோலை இழுத்தால் விரல் அளவு இடுக்கு விழும். அது வழியாக, அல்லது முன் கிரில் வழியாக அடித்தால் போதும். பானெட் தகடு கொதித்தாலோ, தீ சீட்டுப் பக்கமோ பெட்ரோல் டாங்க் பக்கமோ வந்துவிட்டாலோ விட்டுவிட்டு ஓடுங்கள். மின்சாரக் காரின் பாட்டரி தீப்பிடித்தால் இந்தச் சிலிண்டரால் ஒன்றும் ஆகாது, புகையும் விஷம். அங்கே நிற்கவே வேண்டாம். ஒருவர் உடையில் தீப்பிடித்தால் அவரைத் தரையில் படுக்க வைத்து உருட்டி, கனமான பருத்தி விரிப்பால் மூடி அணையுங்கள்.

அணைந்த பிறகு பவுடரைச் சீக்கிரம் சுத்தம் செய்துவிட வேண்டும். ஈரம் பட்டால் அது உலோகத்தை அரிக்கும்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. காஸ் சிலிண்டர் புக் செய்கிற அன்றைக்கு இதையும் பார்ப்பது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். முள் பச்சையில் நிற்கிறதா, சீல் அறுபடாமல் இருக்கிறதா, குழாய் முனையில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன் (சிரிக்காதீர்கள், கட்டியிருந்தது!). பிறகு, பவுடர் அடியில் இறுகிவிடாதபடி நாலு தடவை தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கி வைப்பேன். வருஷத்துக்கு ஒருமுறை விற்ற கடையிலேயே சோதிக்கக் கொடுப்பேன்.

போன ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவித் துடைத்தபோது என் நாத்தனார் சிலிண்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். வைத்ததோ முள் இருக்கும் கண்ணாடியின் மேல்! "ஏய், அதை மறைக்காதே" என்று துடைத்துவிட்டு, கீழே ஒரு பொட்டு வைத்தேன்.